கூட யாரும்மா வந்திருக்கா?

என் பீரோவில் ஒரு கரும்பச்சைச் சுங்குடிச் சேலை இருக்கிறது. அதை நான் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. பைக்குள் பில் இருந்தது. வியாழக்கிழமை, மாலை மூன்றே முக்கால். அந்த வியாழனில் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவியது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம், வீட்டுச் சமையலறையில் குக்கரின் மூன்றாவது விசில். நடுவில் ஆறு மணி நேரம் இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. "நேத்து மேனேஜர்கிட்ட என்ன போடு போட்டீங்க!" என்று சக ஊழியர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்துச் சமாளிப்பேன். நான் யாரிடமும் குரல் உயர்த்துகிறவள் இல்லை. சில நாள் காய் நறுக்கும்போது கை என்னுடையதாகவே தெரியாது. யாரோ நறுக்குகிறார்கள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன். என் டைரியில், சாய்வாக, சின்னப்பிள்ளை எழுதியதுபோல் நாலு வரி. அதையும் நான்தான் எழுதியிருக்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் அந்த டைரியைத் தொடுவதில்லை.

வீட்டில் இதற்கெல்லாம் பெயர்கள் தயாராக இருந்தன. கணவருக்கு அது 'நடிப்பு'. மாமியாருக்கு 'காத்துக் கருப்பு', மந்திரித்தால் சரியாகிவிடும். அம்மாவுக்கு 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் கவனமில்லை'. நான் கல்லூரியில் படித்த 2005இல்தான் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் சில மாத இடைவெளியில் வந்தன. அதற்குப் பிறகு நம் ஊரில் இந்த நோய்க்கு ஒரு முகம் நிலைத்துவிட்டது. மை அப்பிய கண், சலங்கை, கொலை. எனக்கிருப்பது சத்தமே போடாதது. அது ஒளிந்துகொள்வதில்தான் கெட்டி. மாதக் கடைசியில் என் கணக்கு ஒரு ரூபாய்கூடத் தவறியதில்லை. பிறகு யார் நம்புவார்கள்?

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். கணவர் கூட வந்தார். மருத்துவர் என்னைப் பார்த்து "என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, பதிலை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் அவரே பேசினார். கோபம் வருகிறது, மறதி, பிள்ளையைக் கவனிப்பதில்லை. தூக்க மாத்திரையும் மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார்கள். மனச்சோர்வும் இருந்தது உண்மைதான், மாத்திரையில் கொஞ்சம் தூங்கினேன். ஆனால் காணாமல்போகிற மணிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது முறை நானே போவது என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் 14416க்குப் போன் செய்தேன். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மதிய இடைவேளையில், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். போனில் இருந்த பெண் நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. "நடந்ததை மட்டும் எழுதிக்கிட்டுப் போங்க மேடம்" என்றார். நல்ல யோசனை. இன்ன நோய் இருக்கிறது என்று நாமே போய்ச் சொன்னால், எங்கே படித்தாய் என்றுதான் எதிர்க்கேள்வி வரும். எனவே நோட்டில் கோடு போட்டு எழுதினேன்: தேதி, கடைசியாக நினைவிருப்பது, மறுபடி நினைவு வந்த இடம், அப்போது என்னைப் பார்த்தவர் யார், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், மாதவிலக்கு நாள், என்ன மாத்திரை. மூன்று வாரத்தில் ஏழு பதிவுகள் சேர்ந்தன.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி இரண்டரை மணி நேரம் நின்றேன். உள்ளே போனதும் முதல் கேள்வி, "கூட யாரும்மா வந்திருக்கா?"

இந்தக் கேள்வி அடியோடு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நேரம் தொலைகிறவளுக்கு வெளியிலிருந்து பார்த்த ஒரு சாட்சி தேவைதான். ஆனால் அந்தச் சாட்சியை யார் தேர்ந்தெடுப்பது? தாலி கட்டியவரும் பெற்றவரும் தானாகவே சாட்சியாகிவிடுகிறார்கள். என் பக்கத்து இருக்கையில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்கா, என் முகம் மாறுவதை என் கணவரைவிட அதிகம் பார்த்திருக்கிறார். அடுத்த முறை அவரை அழைத்துப்போனேன். நான் முதலில் தனியாகப் பேச வேண்டும், பிறகு அக்கா வரட்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. நம் மருத்துவக் குறிப்பை நாம் கேட்டு வாங்கவும் அதில் இடமிருக்கிறது.

முதலில் மூளை மின்னலைப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை. சில வகை வலிப்பிலும் இப்படி நினைவு அறுபடுமாம். சந்தேகப்படுகிறார்கள் என்று அக்காவுக்குக் கோபம். எனக்கு நிம்மதியாக இருந்தது, உடம்பைப் பார்க்காமல் எல்லாம் மனசு என்று தள்ளிவிடுவதுதானே பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற வைத்தியம். வராந்தாவில் ஒருவர் என் சீட்டைப் பார்த்து "ஹிஸ்டீரியா கேஸா?" என்றதும் காதில் விழுந்தது. கருப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்க மனநோய்க் கையேடு 1980லேயே அதைக் கைவிட்டுவிட்டது. எங்கள் வராந்தாவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்றான பிறகு உளவியலாளரிடம் அனுப்பினார்கள். 1986இல் வெளியான 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவம், ஆங்கிலத்தில். அவரே தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டார். வண்டியில் போகும்போது வழியின் ஒரு பகுதி நினைவில் இல்லாமல் போவதுண்டா என்பது முதல் கேள்வி. கும்பகோணம் பஸ்ஸில் யாருக்குத்தான் அது நேராது! போகப் போகக் கேள்விகள் என் நோட்டைப் பார்த்து எழுதியவைபோல் ஆயின. வாங்கிய நினைவே இல்லாத பொருள் உங்களிடம் இருந்ததுண்டா? அதில் கிடைக்கும் எண்ணை வைத்து நோய் என்று முடிவுசெய்ய முடியாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும்தான் தெரியும் என்று அழுத்திச் சொன்னார். என் ஏட்டில் டிஸ்ஸோசியேட்டிவ் டிஸார்டர் என்ற பெயருக்குப் பக்கத்தில் இன்றும் கேள்விக்குறி இருக்கிறது.

பிறகு அவர் கேட்டார், "சின்ன வயசுல யாராவது..."

எனக்குக் கை மரத்துப்போனது. சுவர்க் கடிகாரம் தூரமாகப் போனது. அவர் உடனே பேனாவை வைத்துவிட்டு, "இன்னைக்குச் சொல்லணும்னு இல்லம்மா. காலைத் தரையில நல்லா ஊனுங்க. இந்த அறையில நீல நிறத்துல என்னென்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். வாளி, கோப்பு, அவருடைய துப்பட்டா. திரும்பி வந்தேன்.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், பெண்ணியவாதி, 1992இல் எழுதிய நூலில் மீள்வதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார். பாதுகாப்பு முதல், நினைவுகூர்ந்து துக்கிப்பது இரண்டாவது, மறுபடி உறவுகளோடு இணைவது மூன்றாவது. இந்த வரிசை முக்கியம். முதல் நாளே எல்லாவற்றையும் தோண்டி எடுக்கிறேன், ஹிப்னாடிசத்தில் வரவழைக்கிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். இந்தப் பிரிதலுக்கென்று தனி மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான். எனக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கிடைக்கிறது. போதாது. ஆனால் அந்த அரை மணி நேரமும் என்னுடையது.

பாதுகாப்பு என்றதும் முதலில் எனக்கு மூச்சுப் பயிற்சி என்றுதான் தோன்றியது. அவர் கேட்டது வேறு. "அந்த ஆள் இப்பவும் உங்க வீட்டுக்கு வர்றாரா?"

வருகிறார். உறவுக்காரர். ஒவ்வொரு தீபாவளிக்கும் இனிப்புப் பெட்டியோடு வருவார், அம்மா காலில் விழச் சொல்வாள். என் மகளுக்கு எட்டு வயது.

இந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அம்மா கேட்டாள், "அவன் ஏன்டி இன்னும் வரல?"

"நான்தான்மா வரவேணாம்னு போன் பண்ணினேன்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு அதிரசத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். அதற்கு மேல் நாங்கள் இன்னும் பேசவில்லை.