சனிக்கிழமை ராத்திரி ஏறினால் ஞாயிறு காலையில் கடல்: அருப்புக்கோட்டை வழியாகப் போகும் இரு கரை ரயில்

கொச்சிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. கடலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கும் ஊர்களும் அதில் உண்டு. அருப்புக்கோட்டை அப்படி ஒன்று. தறிச் சத்தம், சாயப்பட்டறை, மல்லிகைப்பூ, ஊரைத் தாண்டினால் கரிசலும் சீமைக்கருவேலமும். மழையை நம்பி விதைக்கும் மானம் பார்த்த பூமி. ஆனால் அரபிக்கடல் ஓரத்தில் கிளம்பி வங்கக்கடல் ஓரத்தில் போய் நிற்கும் ஒரு ரயில், வாரத்தில் இரண்டு முறை போகும்போதும் இரண்டு முறை வரும்போதும் இங்கே நின்றுவிட்டுப் போகிறது. ஊர் தூங்கும் நேரத்தில் வந்து போவதால் பலருக்கு அது தெரிவதில்லை.

எர்ணாகுளம் - வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ்தான் அது. எண் 16361, திரும்பும்போது 16362. முதலில் சிறப்பு ரயிலாக ஓடி, 2023-ல் நிரந்தர ரயிலானது. எர்ணாகுளத்திலிருந்து திங்கள், சனி மதியம் கிளம்பும். கோட்டயம், கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, மானாமதுரை, காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று வளைந்து வளைந்து மறுநாள் அதிகாலை வேளாங்கண்ணியில் நிற்கும். அங்கிருந்து செவ்வாய், ஞாயிறு மாலைகளில் திரும்பும்.

இந்தக் கிழமைக் கணக்கை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி புலப்படும். சனிக்கிழமை இரவு ஏறினால் ஞாயிறு விடிகாலை வேளாங்கண்ணி. பகல் முழுக்க கோயில், கடற்கரை, பக்கத்தில் நாகூர் தர்கா. அன்று மாலை அதே ரயில் திரும்புகிறது. திங்கட்கிழமை விடியும்போது வீட்டில் இருக்கலாம். லாட்ஜ் செலவு இல்லை, தறி ஒரு நாள்கூட கூடுதலாக நிற்க வேண்டாம். திங்கள் இரவு போய் செவ்வாய் மாலை திரும்புவதும் இப்படியேதான். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் திங்கட்கிழமை வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது சனிக்கிழமைதான். அதனால் இந்தப் பயணத்தில் சீட்டு கிடைப்பதைவிட தேதி சரியாக இருப்பதுதான் முக்கியம். சிக்கல் வருவதும் அங்கேதான்.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் வண்டி அருப்புக்கோட்டையைக் கடப்பது நள்ளிரவை ஒட்டி. கொச்சிப் பக்கம் போக இங்கிருந்து அதில் ஏறுபவர்கள், கால அட்டவணையில் நேரம் 12 மணிக்கு முன்னா பின்னா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின் என்றால், செவ்வாய் மாலை கிளம்பிய வண்டிக்கு இங்கே ஏறும் தேதி புதன். 'செவ்வாய் ராத்திரி' என்று வாய்ப்பேச்சில் சொல்லிக்கொண்டு செவ்வாய்க்குத் தேடினால் வண்டி இல்லை என்று காட்டும். புதனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, புதன் ராத்திரி சாப்பிட்டு முடித்து சாவகாசமாக ஸ்டேஷனுக்குப் போனால், அந்நேரம் வண்டி எர்ணாகுளம் போய்ச் சேர்ந்து அரைநாள் ஆகியிருக்கும்.

தட்கலில் இன்னும் ஒரு முடிச்சு. தட்கல் திறக்கும் நாள், நாம் ஏறும் தேதியை வைத்து அல்ல. வண்டி தன் முதல் நிலையத்திலிருந்து கிளம்பும் தேதிக்கு முந்தைய நாள். ஏசிக்கு காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. வேளாங்கண்ணியில் செவ்வாய் கிளம்பும் வண்டிக்கு, நம் டிக்கெட்டில் புதன் என்று இருந்தாலும் தட்கல் திறப்பது திங்கட்கிழமை. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பும் கட்டாயம். அதை அன்று காலை பத்தே முக்காலுக்குச் செய்ய ஆரம்பிக்காதீர்கள்.

சாதாரண முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. நிலையத்தின் குறியீடு ஏ.பி.கே. செல்போனில் செயலி இறக்கும் கோப்புக்கும் அதே பெயர் என்பதால் இளசுகளுக்கு மறக்காது. இங்கிருந்து காத்திருப்புப் பட்டியல் காட்டினால், வேளாங்கண்ணி போக விருதுநகரிலிருந்து இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விருதுநகரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையமாக அருப்புக்கோட்டையைக் குறித்துக்கொள்ளலாம். கூடுதல் கட்டணம் சொற்பம். தாத்தா, பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும் என்றால் அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுப்பது நல்லது. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒரு டிக்கெட்டில் இருவர் வரைக்கும்தான்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாள்களில் இந்த ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 29 என்றதும் இந்தப் பகுதிக்காரர் ஒருவரின் ரயில் பயணம் நினைவுக்கு வருகிறது. அருப்புக்கோட்டையை அடுத்த ரயில் நிலையம் திருச்சுழி. 1879-ல் அங்கே பிறந்த வேங்கடராமன் என்ற பையன், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். வீட்டில் இருந்த பழைய அட்லஸைப் புரட்டி, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவு கட்டி, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தான். அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை வந்துவிட்டிருந்தது. பழைய அட்லஸில் அது இல்லை. ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி சொன்ன பிறகுதான் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று தெரிந்தது. கையில் காசு தீர்ந்து, வழியில் நடந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று போய்ச் சேர்ந்தான். பின்னாளில் உலகம் அறிந்த ரமண மகரிஷி அவர்தான்.

நம் ஊர் ரயில் பாதைக்கும் பழைய தகவல் சிக்கல் உண்டு. 1960-களில் மீட்டர் கேஜாக வந்த விருதுநகர் - மானாமதுரை பாதை, அகலப்பாதையாக மாறி மீண்டும் திறக்கப்பட்டது 2013-ல். நடுவில் ரயில் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் 'நம்மூர்ல என்ன ரயில் இருக்கு, விருதுநகர் போய்த்தான் ஏறணும்' என்று இன்றும் சொல்வார்கள். சென்னை - செங்கோட்டை சிலம்பு எக்ஸ்பிரஸும் இதே பாதைதான். ரயில் நேரங்கள் அடிக்கடி மாறும் என்பதால், கிளம்பும் முன் 139-க்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இனி எதிர்த் திசை. கொச்சிக்குப் போக நினைப்பவர்கள் செவ்வாய் மாலை வேளாங்கண்ணியில் கிளம்பும் வண்டியைப் பிடிப்பது நல்லது. பெரிய தாமதம் இல்லாவிட்டால் விடியலை ஒட்டி செங்கோட்டை தாண்டும். வறண்ட மண்ணில் தூங்கப் போனவர்கள் பச்சை மலைக்குள் கண் விழிக்கலாம். கழுத்துருட்டி பக்கத்தில் வரும் பதின்மூன்று கண் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். 1904-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய மலைப்பாதை இது. அகலப்பாதையாகி முழுதாகத் திறக்கப்பட்டது 2018-ல்.

முற்பகல் முடியும் நேரத்தில் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி. 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம் அங்கேதான். உடலைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போர்ச்சுகீசியர்களிடமிருந்து நாகப்பட்டினத்தை 1658-லும் கொச்சியை 1663-லும் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். ஒரு துறைமுகத்திலிருந்து மற்றதற்கு அவர்கள் இலங்கையைச் சுற்றிக் கப்பல் விட்டார்கள். இப்போது ராத்திரி படுத்து எழுந்து பல் விளக்கும் நேரம்தான்.

திரும்புவதில் மட்டும் கவனம் தேவை. புதன் மதியம் சேர்ந்தால் இதே ரயில் சனிக்கிழமைதான். ஞாயிறு வண்டியில் போனாலோ இன்னும் மோசம்: திங்கள் முற்பகல் இறங்கி, அன்று மதியமே திரும்ப வேண்டும், இல்லையென்றால் சனி வரை காத்திருக்க வேண்டும். அதற்கு மாற்று, தினசரி ஓடும் குருவாயூர் - மதுரை எக்ஸ்பிரஸ். காலையில் எர்ணாகுளத்தில் ஏறினால் மலைப்பாதையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபடி மாலையில் விருதுநகரில் இறங்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே எண்ணெய் பரோட்டா. அதன் பிறகு அருப்புக்கோட்டைக்கு பஸ்.