கருகுவது பாயிண்ட்

டிவிஎஸ் 50 ஸ்டார்ட் ஆக பேட்டரி வேண்டாம். பெடலை மிதித்தால் மேக்னெட் சுற்றும். அதற்குள் இருக்கும் கம்பிச்சுருளில் கரன்ட் உண்டாகும். பாயிண்ட் என்கிற சின்ன ஸ்விட்ச் சரியான கணத்தில் திறந்து அந்தக் கரன்ட்டை வெட்டும். வெட்டிய வேகத்தில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக் முனையில் பொறியாகத் தாவும். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 பொறி.

அப்பாவின் பால் வியாபாரம் இந்தப் பொறியில்தான் ஓடியது. ஒரு வருஷம் மாசாமாசம் பாயிண்ட் கருகியது. கடையில் ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டுக் கொடுப்பார்கள். நாலு வாரத்தில் மறுபடி நடுவழியில் நிற்கும். திரிந்த பாலில் அம்மா சர்க்கரை போட்டுக் கிளறுவாள். நாங்கள் சண்டை போட்டுத் தின்போம். அப்பா தொடமாட்டார்.

கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாயிண்ட் மேல தப்பில்ல தம்பி. கண்டென்சர் போயிருச்சு."

பாயிண்ட் திறக்கும்போது கரன்ட் சட்டென்று நிற்காது, இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது செத்தால் பாயிண்ட்டிலேயே தீப்பொறி பறக்கும். ஒரு முகத்தில் குழி, எதிர்முகத்தில் மேடு. பிளக்கில் வருவதோ மஞ்சளாக, நோஞ்சானாக ஒரு பொறி.

எப்போது எதை மாற்றுவது? பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துப் பெடலை மிதியுங்கள். நீலப் பொறி வந்தால் நல்லது. வராவிட்டால் முதலில் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். முனை தேய்ந்திருந்தாலும் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலும் பழையதைத் தூக்கிப் போடலாம். பாயிண்ட் லேசாகக் கறுத்திருந்தால் உப்புத்தாள் போதும். குழி விழுந்திருந்தால் கண்டென்சரோடு சேர்த்து மாற்ற வேண்டும். காயிலைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். அதற்கு முன் ஒயரையும் பிளக் கேப்பையும் பார்த்துவிடணும்.

2015-இல் வந்த எக்ஸ்எல் 100-இல் பாயிண்ட்டே கிடையாது. ஆனால் நான் வேலை செய்கிற இடத்தில் இருக்கிறது. ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கும் பொறுப்பு எங்கள் டீமில் ஒரே ஆளுக்கு. ஒன்றரை வருஷத்தில் மூன்று பேர் அந்த இடத்திலிருந்து போய்விட்டார்கள். மூன்றாவது பையன் கிளம்பும்போது கண்ணுக்குக் கீழே கருவளையம். நாலாவது ஆளுக்கு இன்டர்வியூ எடுக்கச் சொல்லி எனக்கு மெயில் வந்தது.

ஆள் எடுப்பதற்கு முன் ராத்திரி வேலையை இரண்டு பேருக்குப் பிரியுங்கள், தேவையில்லாத அலாரங்களை நிறுத்துங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இன்டர்வியூ வியாழக்கிழமை.