மார்க்நாய்கிர்ஷனில் மவுத்பீஸ் பார்த்த கதை

ஆடோர்ஃபில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறினால், ஜெர்மனியின் செக் நாட்டு எல்லையோரக் குன்றுகளுக்கு நடுவே மார்க்நாய்கிர்ஷன் வருகிறது. எங்கள் ஊர் கோட்டுச்சேரியின் கடைத்தெருவில் ஒரு மத்தியான வேளையில் நடமாடும் சனம்கூட அங்கே தெருவில் இல்லை. ஆனால் போர்டுகளைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும்: வயலின் செய்பவர், வில் செய்பவர், கிளாரினெட் செய்பவர், ட்ரம்பெட் செய்பவர். மதத்தின் பேரால் பொஹீமியாவை விட்டு வந்த வயலின் ஆசாரிகள் 1677-இல் இங்கே தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். பிறகு ஏற்றுமதி பெருகிய பெருக்கில், 1893-இல் அமெரிக்கா இந்தச் சிற்றூரில் தூதரக அலுவலகமே திறந்துவிட்டது!

என்னை அழைத்துப் போனவன் அக்கா மகன். லைப்சிக்கில் பொறியாளர் வேலை, சாயங்காலமானால் பேண்டில் டியூபா. “ஒரு மவுத்பீஸ் வாங்கணும், கூட வாங்க மாமா” என்றான். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக்கு இரண்டு ஆள் எதற்கு?

அவன் ஊதுவது எஃப் டியூபா. சுருண்டு கிடக்கும் குழாயை நீட்டினால் சுமார் 12 அடி. டியூபாக்களில் மூத்தது இந்தச் சுருதிதான். 1835 செப்டம்பர் 12-இல் ராணுவ பேண்டு மாஸ்டர் வில்ஹெல்ம் வீப்ரெக்டும் வாத்தியம் செய்யும் மோரிட்ஸும் பெர்லினில் காப்புரிமை வாங்கியது எஃப் சுருதி டியூபாவுக்கு. மேல் ஸ்தாயியில் இது அழகாகப் பாடும். கீழே ‘சி’ என்ற ஸ்வரத்துக்கு இறங்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஊதுகிறவர்கள் பலருடைய புலம்பல் அந்த ஒரு ஸ்வரம்தான்.

பட்டறைக்காரர் இழுப்பறையைத் திறந்தார். வெள்ளி முலாம் பூசிய மவுத்பீஸ்கள் வெல்வெட்டில் வரிசையாக இருந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுதான். விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று புனலாகச் சரிந்து இறங்கியது, இன்னொன்று கிண்ணமாகக் குழிந்திருந்தது. புனல் நாதத்தைக் கனமாக்குமாம், ஆழம் குறைந்த கிண்ணம் தெளிவாக்குமாம். வாய் அகலம் 31, 32, 33 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை இழுப்பறை?

பையனைச் சுவர் பார்த்து நிற்க வைத்து, எண்ணைக் காட்டாமல் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். எண்ணைப் பார்த்தால் காது கேட்காது என்பது அவர் கட்சி. ஒவ்வொன்றிலும் அதே மூன்று காரியம்: அடி ‘சி’ நீளமாக, பிறகு மெதுவாக ஒரு ஆரோகணம், மேலே ஒரு ஸ்வரம் சன்னமாக. நாலாவதில் ‘சி’ திறந்துகொண்டது. காலடிப் பலகை அதிர்ந்தது, எனக்கே தெரிந்தது.

அவர் விடவில்லை. மவுத்பீஸின் வாலில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றிச் செருகினார். குழாய்க்குள் அது முன்னளவு இறங்கவில்லை, சற்றே வெளியே நின்றது. இப்போது ஊதினால் அதே ‘சி’ மறுபடி மூச்சு முட்டியது. காகிதத்தை உருவினார், நாதம் திரும்பியது. அமெரிக்க வாலும் ஐரோப்பிய வாலும் பருமனில் வேறு என்பதால், கிண்ணம் எவ்வளவு நல்லதானாலும் வால் சரியாக உட்காராவிட்டால் வீண் என்றார்.

எனக்குத் திருவாவடுதுறை நினைவு வந்தது. எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறை, குத்தாலம் தாண்டினால் நாதஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளி செய்யும் ஊர். பக்கத்திலேயே நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை. நாதஸ்வர வித்வான் சீவாளியைக் கொத்தாக வாங்குவார். வாயில் நனைத்து ஊதிப் பார்ப்பார், சேராததை ஒதுக்குவார், கொஞ்சம் முரண்டு பிடிப்பதைச் சீவிச் சரிக்கட்டுவார். வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகள் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். நாணல் தட்டை வித்வானுக்கு இணங்கி வரும். இந்தப் பித்தளை யாருக்கும் இணங்காது, பையனுடைய உதடுதான் மாதக்கணக்கில் அதற்குப் பழக வேண்டும். ஒரு மவுத்பீஸ் வாங்கத் துணைக்கு ஆள் தேடிய அவன் தயக்கம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

மருமகன் மொழிபெயர்க்க, சீவாளியைப் பற்றிப் பட்டறைக்காரருக்குச் சொன்னேன். எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டார்.

“வருஷமா? முகூர்த்தம் நெருக்கமாக வந்தால் ஒரு கொத்தே தீர்ந்துவிடும்.”

அவர் இழுப்பறையை மூடினார். ஒருமுறை வாங்கிப் போனவர் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையாம். “உங்கள் ஊரில் பட்டறைக்கு இடம் கிடைக்குமா?” என்றார்.