கண்ணாடிக்குள் பனி

வீடு கட்டிக்கொண்டிருக்கும் பழைய மாணவர்கள் இருவர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு ஆறு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் போட்டோம். விருத்தாசலம் பஸ்ஸின் ஹாரனும் கரும்பு லாரிகளும் வீட்டம்மாவைத் தூங்க விடுவதில்லை. மூன்றாம் வாரமே இரண்டு ஜன்னல்களில் காலையில் பனி படர்ந்தது. இன்னொன்றில் வானவில் மாதிரி மங்கலான வரிகள். பாக்கி 40,000 ரூபாய். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளோடு கடைக்காரத் தம்பி வந்து நின்றார்.

நம் பக்கத்தில் பீங்கான் வாங்கினால் விரலால் சுண்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் கீறல். இந்தக் கண்ணாடிக்கு அந்த வித்தை பலிக்காது. ஒரு துணி போதும்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி. ஓரத்து அலுமினியப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் பொட்டலத்தின் சாதிதான். சுற்றிலும் காற்றுப் புகாத பசை. அறைப்பக்கம் துடைத்துப் பனி போனால் அது அறையின் ஈரம். வெளிப்பக்கம் துடைத்துப் போனால் ஏசியும் நம் புழுக்கமும் சேர்ந்து செய்த வேலை. இரண்டிலும் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் துடைத்தும் போகவில்லையென்றால் பசை விட்டிருக்கிறது, ஈரம் நடுவில் புகுந்துவிட்டது. எங்களுடையதில் ஒன்று முதல் வகை, மற்றது கடைசி வகை.

வானவில் வரிகள் குறையே அல்ல. ஒரே தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகள் ஏறக்குறைய இணையாக நின்றால் ஒளிக் குறுக்கீட்டால் அப்படித் தெரியும். கலைடாஸ்கோப் கண்டுபிடித்த டேவிட் புரூஸ்டர் பெயரால் அதைச் சொல்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! அந்த ஜன்னலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"வெயில் வந்தா தானா போயிடும் சார்" என்றார் தம்பி. மதியம் போகத்தான் செய்யும். ஆனால் மணிகள் ஊறிவிட்டால் மறுநாள் காலையில் மறுபடி வரும், பிறகு கறையாகத் தங்கும். "தம்பி, கையெழுத்துப் போடுறேன், ஆனா மேலே ஒரு வரி எழுதித்தான் போடுவேன்" என்றேன். "கிழக்கு ஜன்னலில் இடைவெளிக்குள் ஈரம், அது நீங்கலாகப் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதி, இரண்டு பிரதியிலும் போட்டேன். ஏழு நாள் காலைப் போட்டோக்களும் அனுப்பினேன். அந்த ஒரு ஜன்னலின் பணத்தை மட்டும் நிறுத்தி மீதியைக் கொடுத்துவிட்டேன். மொத்தத்தையும் பிடித்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் அசையாமல் இருந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, நமக்குக் கடலூரில், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் வாங்கியவர்களுக்குத்தான் சிரமம்.

பதினெட்டாம் நாள் புதுக் கண்ணாடி வந்தது. சட்டத்தைப் பெயர்க்கவில்லை, உள்பக்கப் பட்டைகளைக் கழற்றி அரை மணியில் மாற்றிவிட்டார்கள். பாக்கியைக் கையில் கொடுத்தேன், தம்பி டீ குடித்துவிட்டுப் போனார். ஹாரன் சத்தம் குறைந்திருக்கிறது. லாரி இன்னும் கேட்கிறது.

கடிதத்தின் மாதிரி வேண்டுவோர் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.