கார் விலையும் கடன் பாக்கியும்



புளியஞ்சோலை ஆற்றில் குளிக்க வரும்போது புதுக் காரைக் காட்ட வீட்டுக்கும் வருகிறீர்கள். சந்தோஷம். ஆனால் பலரும் சொல்வது: “ஏழு வருஷ லோன் சார், முடியலைன்னா வித்து அடைச்சிடலாம்.” அடைபடுமா, பார்ப்போம்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடு போனால் அதிகபட்சம் அவ்வளவுதான் கிடைக்கும். ஒரு வருடம் தாண்டினால் விலையில் 20 சதவீதம் கழிப்பார்கள். மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. கட்டிய சாலை வரி இதில் சேராது.

8 லட்ச ரூபாய் வண்டி, முழுவதும் கடன், 9.5 சதவீத வட்டி, 7 வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 13,075. மூன்று வருடம் தவறாமல் கட்டிய பிறகும் பாக்கி 5.20 லட்சம். வண்டி மதிப்போ 4.80 லட்சம். வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து 40 ஆயிரமும் போட்டால்தான் ஆர்.சி. புத்தகத்தில் வங்கி பெயர் நீங்கும்.

சந்தை விலை கொஞ்சம் கூடலாம், குறையலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிய வண்டி என்றால் வாங்குபவர் முதலில் கிளட்சைத்தான் பார்ப்பார்!

அதே வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கட்டி, கடனை 5 வருடத்தில் முடிப்பதாக வாங்கினால், மூன்றாம் வருட முடிவில் பாக்கி இரண்டரை லட்சத்துக்குள் நிற்கும். தவணை மாதம் 11,200 வரும், முன்னதைவிடக் குறைவு. முன்பணம் சேரும்வரை பஸ்ஸில் வாருங்கள், ஆறு எங்கும் போகாது.

வாங்கப் போகிறவர்கள் விலை, வட்டி, வருடம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கணக்குப் போட்டுத் தருகிறேன்.