பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?

ஊரில் இருப்போர்க்கு இல்லாத கவலைகள் சில, வேற்றூரில் வாழும் நமக்கு உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில், சிறு குழந்தையைப் பகற்பொழுதில் யாரிடம் விடுவது என்பது அவற்றுள் ஒன்று. ஊரிலே பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள். அவர்கள் இல்லாவிடினும் எதிர்வீட்டார் இருப்பர். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடியிலோ, காலை 8 மணிக்கெல்லாம் எல்லாக் கதவுகளும் பூட்டப்பட்டுவிடும்.

நான் ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். என் மனைவி சிறியதொரு நிறுவனத்தில் கணக்கெழுதுகிறாள். 2017ஆம் ஆண்டில் வந்த பேறுகாலச் சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கும் 26 வார விடுப்பு அளித்தது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்குச் சென்று வரலாமென்றும் விதித்தது. நல்ல விதிதான். ஆனால், என் மனைவியின் அலுவலகத்தில் இருப்போர் 22 பேரே! விடுப்பு முடிந்தபின் ஓராண்டுக் காலம் என் மாமியார் வந்திருந்து பேத்தியைப் பேணினார். மாமனாருக்குக் கண்பார்வை மங்கவே, அவர் திருநெல்வேலிக்குத் திரும்ப நேர்ந்தது. குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது.

"குழந்தையையும் உடன் அனுப்பிவிடுங்கள்" என்றனர் உறவினர். "அவள் வேலையை விட்டுவிடட்டுமே" என்றனர் வேறு சிலர். வீட்டுக் கடனின் மாதத் தவணை அவள் ஊதியத்திலிருந்தே செல்கிறது என்பதை அவர்கள் அறியார். ஊருக்கு அனுப்புவது பற்றி நான் பேச்செடுத்தபோது, "ஆண்டுக்கொரு முறை ரயிலில் போய்ப் பார்த்துவரும் விருந்தாளியாக என்னை ஆக்கிவிடாதீர்கள்" என்றாள் மனைவி. அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே இடம் தேடப் புறப்பட்டோம். முதலிற் கண்டது, சுவரெங்கும் வண்ணப்படங்கள் தீட்டிய ஒரு விளையாட்டுப் பள்ளி. ஆங்கிலப் பாட்டு, குளிர்பதன அறை, காமிரா யாவும் உண்டு. பெற்றோர் அலுவலக அறையைத் தாண்டிச் செல்லலாகாது என்றனர். ஆயா ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். கட்டண அட்டையை நீட்டினர். கண்ணாடிக் கதவு வழியே உள்ளே நோக்கிய என் மனைவி, "பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கின்றன, ஆள் நடமாடினாலும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை" என்றாள்.

அடுத்து அங்கன்வாடி. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. அங்கிருந்த அம்மையார் அன்புடையவர். ஆயினும், அங்கே அமர்த்திக் கற்பிப்பது 3 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளை. அதுவும் சில மணி நேரமே. 2022 முதல் 'பால்னா' என்னும் பெயரில் சில அங்கன்வாடிகளோடு காப்பகமும் சேர்ந்து நடைபெறுகிறது. எங்கள் தெருப்பக்கத்தில் அது இல்லை.

மூன்றாவது, அடுத்த தெருவில் இருந்த ஒரு 'பாள்ணாகர்'. மராத்தியில் 'பாள்ணா' என்றால் தொட்டில். 'கர்' என்றால் வீடு. மராட்டிய மாதர் தம் இல்லத்திலேயே நடத்தும் இத்தகைய தொட்டில் வீடுகள் இப்பக்கத்தில் பல உண்டு. அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரும் அவர் மருமகளும் 5 குழந்தைகளைப் பார்த்துவந்தனர். எல்லாரும் அவரை 'மாவ்ஷி' என்றே அழைப்பர். நாம் சித்தி என்பது போல. அறை சிறிது, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நாங்கள் சொல்லாமற் கொள்ளாமல் நண்பகலிற் சென்றோம். உண்டுகொண்டிருந்த மாவ்ஷி, ஒரு குழந்தை சிணுங்கியதும் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைகழுவி வந்து, அதனைத் தோளிற் சாய்த்துக்கொண்டே எங்களோடு பேசினார்.

நாங்கள் கேட்டதைவிட அவர் கேட்டதே மிகுதி. எப்படிப் படுத்தால் உறங்குவாள்? எதற்கு அஞ்சுவாள்? எந்த மருந்து ஒவ்வாது? இறுதியில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, "அவள் பேசும் சொற்களைச் சொல்லுங்கள்" என்றார். தண்ணி, பால், தூக்கு, வேணாம், வலிக்குது ஆகியவற்றை நாகரி எழுத்தில் எழுதிக்கொண்டார். 'வலிக்குது' என்பதைச் சரியாக ஒலிக்கும்வரை மும்முறை சொல்லிப் பார்த்தார். வெளியே வந்ததும் என் மனைவி, "இங்கேயே விடலாம்" என்றாள்.

ஏழு திங்கள் கழிந்தன. இதில் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் இரு வாரமும் குழந்தை அழுதாள். லோக்கல் வண்டியில் அவள் தாயும் அழுதாள். இப்போது தாகமெடுத்தால் 'பாணி' என்கிறாள். சில இரவுகளில் உறக்கத்தில் 'மாவ்ஷி' என்று அழைக்கிறாள். முதன்முறை அதைக் கேட்ட என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாட் காலை அவளே, "நான் இல்லாத நேரத்தில் அழைப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமென்றுதானே தேடினோம்" என்றாள். தமிழைப் பொறுத்தமட்டில் மாவ்ஷியைக் குறை கூறுவது முறையன்று; அது பெற்றோர் கடன். வீட்டில் நாங்கள் தமிழன்றிப் பிறிது பேசுவதில்லை. பாட்டியும் இரவுதோறும் தொலைபேசியில் கதை சொல்கிறார்.

இவ்வாறு தேடிக்கொண்டிருக்கும் அன்பர்கட்குச் சில சொற்கள். முன்னறிவிப்பின்றி நண்பகலிற் செல்லுங்கள். உண்ணும் நேரமும் உறங்கும் நேரமுமே உண்மையைக் காட்டும். ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். உள்ளே செல்லத் தடையிருப்பின் திரும்பிவிடுங்கள். சமையலறை, கழிவறை, சன்னற் கம்பி, மாடிப்படி ஆகியவற்றைப் பாருங்கள். காய்ச்சல் கண்டால் என்ன செய்வார்கள் எனக் கேளுங்கள். முதல் சில நாட்கள் ஒரு மணி, இரண்டு மணி எனப் படிப்படியாக விட்டுப் பழக்குங்கள். சுவரின் வண்ணத்தைக் கடைசியிற் பார்த்தாற் போதும்.

பகலில் வீட்டிலிருக்கும் நம் சங்கத்துத் தாய்மாருள் ஒருவரேனும் இத்தகைய தொட்டில் வீடு நடத்த முன்வருவாராயின், பல குடும்பங்கள் அவரை வாழ்த்தும். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் முகவரிகளைத் திரட்டித் தர நான் ஆயத்தமாய் இருக்கிறேன்.