பசை காயாத ஏப்ரல்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மே மாதத்து முதல் ஞாயிறன்று பவுடர்ஹார்ன் பூங்காவை நோக்கிப் பொம்மைகள் ஊர்வலமாகப் போகும். சில பொம்மைகள் இரண்டு ஆள் உயரம். ஒருவர் முதுகில் சட்டம் கட்டித் தலையைத் தாங்குவார். இருவர் நீண்ட கழிகளால் கைகளை அசைத்தபடி கூடவே நடப்பார்கள். வியட்நாம் போர் முடிந்த 1975இல் ஒரு சின்ன பொம்மலாட்டக் குழு தொடங்கிவைத்த விழா இது. ‘இன் த ஹார்ட் ஆஃப் த பீஸ்ட்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் குழு, லேக் தெருவின் பழைய சினிமா கொட்டகை ஒன்றில் குடியேறியது.

விழாவின் உயிர் ஏப்ரல் மாதப் பயிலரங்குகளில்தான் இருந்தது. அந்தக் கொட்டகைக்குள் யார் வேண்டுமானாலும் வர முடிந்தது.

களிமண்ணில் முகம் பிடிப்பார்கள். அதன்மேல் பசையில் ஊறிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பழுப்பு நிற மளிகைப் பைதான் காகிதம். அதைக் கத்தரிக்கக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம்தான் மேடு தட்டாமல் படியும். காய்ந்ததும் காகித ஓட்டைக் கழற்றிவிட்டு, களிமண்ணை அடுத்த முகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு கன்னத்தை ஒரு பாட்டி ஒட்டியிருப்பார், இன்னொன்றை ஒரு பள்ளிச் சிறுமி. ஊர்வலத்தில் அந்த முகம் கடந்துபோகும்போது, தான் ஒட்டிய கன்னம் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

பொம்மைப் பயிலரங்கு என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது வேறு. வெட்டி வைத்த துண்டுகளைக் கொடுத்து, கண்ணை இங்கே ஒட்டு, மூக்கை அங்கே ஒட்டு என்பார்கள். மாலையில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே பொம்மை. மறுநாளே அது மூலையில் கிடந்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பொம்மையில் பிள்ளை தானாக முடிவு செய்தது எதுவுமே இல்லையே!

மினியாபொலிஸில் முடிவெடுப்பது ஏப்ரலுக்கு முன்பே ஆரம்பமாகிவிடும். இந்த ஆண்டு எதைப் பற்றி ஊர்வலம் என்று ஊராரைக் கூட்டிவைத்துப் பேசுவார்கள். அவர்கள் சொன்ன கவலைகளையும் ஆசைகளையும் வைத்துக் கலைஞர்கள் கதை பின்னுவார்கள். கதையின் எந்தப் பகுதிக்குப் பொம்மை செய்வது என்பது வருகிறவர் விருப்பம். வெறும் கூலியில்லா வேலைக்கு ஆள் சேர்ப்பதாக இருந்திருந்தால், இத்தனை ஆண்டு இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

ஊர்வலத்தை இனித் தன்னால் நடத்த இயலாது என்று 2023இல் குழு அறிவித்தது. பணத் தட்டுப்பாடு அதற்கு முன்பே நெருக்கிக்கொண்டிருந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விழாவை அந்தப் பகுதிக் கலைஞர்களும் அக்கம்பக்கத்துக் குழுக்களும் தங்களுக்குள் பங்கிட்டு எடுத்துக்கொண்டார்கள். அச்சுப் பிடிக்கவும் பசை காய்ச்சவும் அங்கே யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.